முச்சந்தியில் ஒரு முதல் வகுப்பு

“அந்த பேனரைக் கழட்டிடுங்க மாமா.”

கேட்டே விட்டாள் அறிவரசி.

அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மா அம்சத்துக்குக் கரண்டி கையிலேயே நின்றது. நேற்று முழுக்க மகளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “வேற எது வேணும்னாலும் கேளு. போட்டிருக்குற சட்டையக் கேளு, கழட்டிக் குடுப்பாரு. பேனர் பேச்ச மட்டும் எடுக்காதே. அது உன் பேனர் இல்லடி. மாமாவோட பேனர்.”

வைரக்கண்ணு மாமா கண்ணாடி முன்னால் நின்று மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். திருவிடைமருதூர் தாலுகா ஆபீசில் இன்று நில விசாரணை. கட்சிக் கரை போட்ட வேட்டி, கஞ்சி மொடமொடப்போடு நாற்காலியில் காத்திருந்தது.

“எந்த பேனர?” என்றார், ஒன்றும் தெரியாதவர்போல.

“ரேஷன் கடை முச்சந்தியில நிக்குதே, அத.”

“அதுல தலைவர் படம் இருக்கு.”

“இருக்கு. அதுக்குக் கீழ என் தலைய வெட்டி எவனோ ஒரு ஆம்பள ஆபீசர் உடம்புல ஒட்டியும் இருக்கு.”

அத்தை ராமாயி உள்ளேயிருந்து சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

பேனரின் கதை இதுதான். அறிவரசி ராணுவ அதிகாரிகளுக்கான எழுத்துத் தேர்வில் தேறிய சேதி வந்ததும், மாமா கும்பகோணத்துக்குப் போய் ஒரு பிளக்ஸ் அடித்து வந்துவிட்டார். ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் அல்லவா, கேட்க வேண்டுமா? உச்சியில் தலைவர். அடுத்து எம்.எல்.ஏ. மூலையில் கைகூப்பியபடி மாமா. நடுவில், அறிவரசியின் காலேஜ் அடையாள அட்டைப் படத்திலிருந்து வெட்டிய தலை, மார்பு நிறைய மெடல் குத்திய ஒரு யூனிபாரத்தின் மேல் கொஞ்சம் சாய்வாக உட்கார்ந்திருந்தது. கீழே கொட்டை எழுத்தில்: ‘முதல் வகுப்பில் தேறி ராணுவ அதிகாரியாகப் பொறுப்பேற்றுள்ள எங்கள் வீட்டு வீரமங்கை பா. அறிவரசி பி.எஸ்சி. அவர்களை வாழ்த்துகிறோம்!’

“அதுல இருக்குறது பொய் மாமா.”

“எது பொய்? பரிட்சை எழுதுனியா இல்லியா? பாஸ் பண்ணுனியா இல்லியா?”

“எழுத்துப் பரிட்சைதான் பாஸு. நாளைக்குத்தான் பெங்களூர்ல நேர்காணல் ஆரம்பிக்குது. அஞ்சு நாளு. மொத நாளே பாதிப் பேர மூட்டையக் கட்டிக்கிட்டுப் போன்னு அனுப்பிடுவாங்க. அதுல தப்பிச்சாத்தான் மெடிக்கல், அப்புறம் டெல்லி லிஸ்ட்டு, அப்புறம் மெட்ராஸ் அகாடமி. அங்க ஒரு வருஷம் ஓட வுட்டு, உருள வுட்டு, அப்புறம்தான் ஆபீசர். நீங்க இப்பவே தோள்ல நட்சத்திரத்த ஒட்டிட்டீங்க.”

“ஒட்டுனது பிளக்ஸ் கடைக்காரன்.”

“முதல் வகுப்புன்னு போடச் சொன்னது?”

கத்தரி ஒரு நொடி நின்றது.

“நாப்பத்தெட்டு மார்க்குன்னு போட்டா எவன்டி நின்னு படிப்பான்?” என்றாள் அத்தை. “போகட்டும் விடு. கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளைக்கு இல்லாத வேலையெல்லாம் போடலியா?”

“அத்தை, அது ஊரு சிரிச்சிட்டுப் போயிடும். இது அப்படியில்ல.”

மாமா கத்தரியை மெதுவாகக் கீழே வைத்தார். “கேட்டுட்ட இல்ல?” என்றார். அவ்வளவுதான். தோசையைத் தொடாமல் வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டார்.

அம்சம் மகளைப் பார்த்த பார்வையில் ஊசி இருந்தது.

அறிவரசிக்கு நன்றி தெரியாமல் இல்லை. அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா பாலு இடி விழுந்து வயல் வரப்பிலேயே போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, தங்கையையும் குழந்தையையும் புலியங்குடிக்கு அழைத்து வந்தவர் மாமா. பிள்ளையில்லாத வீடு. ‘உலையில இன்னும் ரெண்டு பிடி அரிசி, அவ்வளவுதானே’ என்றாராம். குழந்தையைக் கட்சி மாநாட்டுக்குத் தூக்கிப் போய், வரிசையில் கால் கடுக்க நின்று, மேடையில் பெயர் வைத்துக்கொண்டு வந்ததும் அவர்தான். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் கொண்டுபோய் விட்டதும் அவர். ‘பொட்டப்புள்ளைக்கு என்னத்துக்கு காலேஜி’ என்று கேட்டவர்களோடெல்லாம் சண்டைக்குப் போனதும் அவர். இதில் எதையும் அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை போடவாவது சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்த பேனர் ஏன் அவருக்கு அவ்வளவு பெரிது என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த முச்சந்தியில் முப்பது வருஷமாகப் பசைவாளி சுமந்து ஊரார் முகங்களையெல்லாம் ஒட்டியவர் அவர். காலனித் தெருவிலிருந்து ஒரு முகம் அங்கே ஏறியதில்லை. இப்போது ஏறியிருக்கிறது, மெடலோடு.

எல்லாம் தெரிந்துதான் கேட்டாள். தெரிந்ததால் கோபம் குறைந்துவிடுமா என்ன?

*

டவுன் பஸ்ஸில் அம்மாவும் மகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். மாமா முன்னால் கம்பியைப் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமல் நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியும். ஆனால் ஆபீஸ் காகிதத் தமிழ் அவருக்குப் பிடிபடாது. அதற்குத்தான் எந்த விசாரணைக்கும் அறிவரசி கூடவே போவது. பேச்சு இல்லையென்றாலும் அந்த ஏற்பாடு மாறவில்லை.

சன்னலுக்கு வெளியே குறுவை நடவு பாதி முடிந்து, வயல்கள் கட்டம் கட்டமாகப் பச்சை பிடித்திருந்தன. அறிவரசி வாய்க்குள் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்தாள்.

“என்னடி மந்திரம்?” என்றாள் அம்சம்.

“மஞ்சள் காமாலை.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி.”

கும்பகோணத்துப் பயிற்சி மையத்தில் ஜெக்கரியா சார் சொல்லிக் கொடுத்தது அது. மாதிரித் தேர்வு எத்தனை வைத்தாலும் அறிவரசிதான் முதலில் வருவாள். அசல் தேர்விலும் அந்த மையத்தில் தேறிய ஒரே பெண் அவள்தான். அவருக்கு அவள்மேல் உயிர். அதனாலேயே பயந்தார். “பிளஸ் டூவுல எண்பத்தாறு. டிகிரியில நாப்பத்தெட்டு. அந்தப் பள்ளத்தப் பாத்த உடனே நேர்காணல்ல ‘என்ன ஆச்சு’ன்னு கேப்பாங்கம்மா. மஞ்சள் காமாலைன்னு சொல்லிடு. வேற மாதிரி போனா உங்க மாமா மேல இருந்த வழக்கு, ஜெயிலுன்னு கிளறிக்கிட்டே போவாங்க.” நல்ல மனசோடு சொன்ன பொய். அவள் பாடம் பண்ணிவிட்டாள். ஆனால் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் வாயில் கசந்தது.

*

நிலத்தின் விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அது ஒரு கோயில் கட்டளைக்கு, அதாவது பூசைச் செலவுக்கென்று எழுதிவைத்த அறக்கட்டளைக்கு, சொந்தமான நிலம். மாமாவின் அப்பா காலத்திலிருந்து உழுவது அவர்கள் குடும்பம். குத்தகை நெல்லைக் கட்டளைக்காரர்கள் அளந்து வாங்கிக்கொள்வார்கள், ரசீது தரமாட்டார்கள். பிறகு, ரசீது இல்லாதவன் சாகுபடிதாரனே இல்லை என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் குத்தகையை ஏலம் விட வந்தபோது மாமாவும் தெருக்காரர்களும் குறுக்கே உட்கார்ந்தார்கள். சொந்தக் கட்சி ஆட்சியிலேயே சிறைக்குப் போன கிளைச் செயலாளர் என்ற பெயர் மாமாவுக்கு அப்படித்தான் வந்தது. இப்போது அவரைக் குத்தகைதாரராகப் பதிவு செய்யக் கேட்ட மனுதான் விசாரணையில் இருக்கிறது. பதிவானால் யாரும் அசைக்க முடியாது. ஆகாவிட்டால் அடுத்த சாகுபடிக்கு நிலம் ஏலத்துக்குப் போகும்.

தாசில்தார் ஒரு பெண். மேசைமேல் காகிதம் பறக்காமல் இருக்கத் தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தார். எதிரில் கட்டளையின் காரியஸ்தர் பஞ்சநதம், நெற்றி நிறைய விபூதியும் கையில் ஒரு கவருமாக. புலியங்குடியிலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் வராந்தாவை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

“ஒரே ஒரு விஷயம்தான் மேடம்,” என்றார் பஞ்சநதம். கவரிலிருந்து ஒரு கலர் போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார்.

அறிவரசி எட்டிப் பார்த்தாள்.

பேனர்.

“சாகுபடிதாரர்னா சொந்த உடம்பால, இல்லேன்னா குடும்பத்து ஆளுங்க உடம்பால உழைக்கணும். சட்டம் அப்படித்தானே சொல்லுது? இவங்க வீட்டுல பட்டாளத்து ஆபீசர். முதல் வகுப்புப் பட்டதாரி. இவரோ கட்சி வேலையே கதின்னு இருக்குறவரு. அப்ப சேத்துல யார் எறங்குறா? உள்குத்தகைக்கு விட்டிருக்காங்க மேடம். நான் சொல்லல, முச்சந்தியில அவங்களே எழுதி வச்சிருக்காங்க.” பிறகு மாமா பக்கம் திரும்பினார். “ஏம்பா வைரக்கண்ணு, கைகூப்பிக்கிட்டு நிக்குறது நீதானே?”

“நீங்கதானேன்னு கேளுங்க,” என்றாள் அறிவரசி.

“என்னம்மா?”

“எங்க மாமாவ ‘நீங்க’ன்னு சொல்லிக் கேளுங்க. அப்புறம் பதில் சொல்வாரு.”

வராந்தாவில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். தாசில்தார் நிமிர்ந்து அவளை ஒரு முறை பார்த்துவிட்டு மாமாவிடம் கேட்டார். “இது நீங்க வச்ச பேனர்தானே?”

மாமா வாயைத் திறந்தார். மூடினார். மைக் கிடைத்தால் மணிக்கணக்கில் பேசுகிற மனிதர். ஆமாம், அதில் உள்ளதெல்லாம் உண்மை என்றால் நிலம் போகும். பொய் என்றால் தெருவே நிற்கிறது பின்னால், இருபது வருஷமாக ‘எங்க அரசி, எங்க அரசி’ என்று அவர் சொல்லக் கேட்ட தெரு. கரைவேட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படி அவர் நின்று அறிவரசி பார்த்ததில்லை. போலீஸ் வேனில் ஏறும்போதுகூட அவர் அப்படி நின்றதில்லை.

காலையில் கேட்டபோது இறக்கியிருந்தால்? அதனால் என்ன, போட்டோ எப்போதோ எடுத்தாகிவிட்டது. அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

“வச்சது மாமாதாங்க மேடம். அதுல இருக்குறது நெசமில்லீங்க.”

“நீங்க யாரும்மா?”

“அந்தத் தலைக்குச் சொந்தக்காரி.”

தாசில்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“நான் ஆபீசர் இல்லீங்க. எழுத்துத் தேர்வு மட்டும்தான் பாஸ். முதல் வகுப்பும் இல்ல. நாப்பத்தெட்டு பர்சென்ட். கடைசி வருஷத்துல நாலு பேப்பர் எழுதவே இல்ல. அப்புறம் அரியர்ல எழுதி, விளிம்புல தொத்திக்கிட்டு வெளிய வந்தேன்.”

வராந்தாவில் சலசலப்பு. மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏன் எழுதல?”

மஞ்சள் காமாலை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் அதை விழுங்கினாள்.

“மாமா ஜெயில்ல இருந்தாங்க. ஏலத்த மறிச்சதுக்கு. சம்பா நட்டு வேர் புடிக்கிற நேரத்துல அடைமழை. வயலு தண்ணிக்குள்ள கெடந்து நாத்து அழுகிப்போச்சு. அப்படியே விட்டா ‘நிலம் தரிசாக் கெடக்கு, இவங்க சாகுபடி பண்ணல’ன்னு இந்த சார் அன்னிக்கே போட்டோ எடுத்திருப்பாரு. புதுசா நாத்து விடவும் நாளில்ல. அதனால வடிகால வெட்டிவிட்டு, மேட்டு வயக்காரங்ககிட்ட கெஞ்சி, அங்க நல்லாத் தூர் கட்டியிருந்த நெல்லுக் குத்துகளக் கலைச்சுப் பிச்சு வாங்கியாந்து, மறுபடியும் நட்டோம். நானும் எங்கம்மாவும். கூட எங்க தெருப் பொம்பளைங்க, கூலி கேக்காம. அந்த நேரத்துலதான் எனக்குப் பரிட்சை. மார்க் ஷீட்ல ஆப்சென்ட்டுன்னு இருக்கும், பாத்துக்குங்க. நான் முதல் வகுப்பு வாங்கியிருந்தேன்னா அந்த வருஷம் வயல்ல ஆளில்லேன்னு அர்த்தம்.”

பேசி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. இத்தனை நாள் மறைக்க வேண்டியது என்று நினைத்திருந்த மார்க், சபையில் சொன்ன பிறகு கொஞ்சம்கூடக் கனக்கவில்லை. வராந்தாவில் நின்ற பெண்கள் முகங்களைப் பார்த்தாள். அவர்களில் பாதிப் பேர் அன்று தங்களோடு சேற்றில் நின்றவர்கள். அவர்களுக்கு அவள் ஒரு வாய் காப்பிகூட வாங்கித் தந்ததில்லை.

“நல்லாக் கதை சொல்லுது பொண்ணு,” என்றார் பஞ்சநதம். “எங்க வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணணும் மேடம். இன்னிக்கு அவர் ஊர்ல இல்ல.”

தாசில்தார் நாட்காட்டியைப் பார்த்தார். “வியாழக்கிழமை. அன்னிக்கு வந்து முறைப்படி வாக்குமூலம் குடும்மா. வரலேன்னா இன்னிக்குச் சொன்னத நான் கணக்குல எடுத்துக்க முடியாது.”

வியாழக்கிழமை அவள் பெங்களூரில் இருப்பாள். ராணுவ மைதானத்தில், முதுகில் ஒரு எண் அட்டையைக் கட்டிக்கொண்டு, கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பாள். இல்லையென்றால் முதல் நாளே திருப்பி அனுப்பப்பட்டிருப்பாள். எதுவாக இருந்தாலும் இன்று சாயங்காலம் கும்பகோணத்தில், பெங்களூர் வழியாகப் போகும் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறியாக வேண்டும்.

*

வெளியே புளியமரத்தடியில் மாமா டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

“சபையில வச்சு என் மானத்த வாங்கிட்டே,” என்றார். கோபமாக இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“நெலத்தக் காப்பாத்துனேன் மாமா.”

“எங்க காப்பாத்துன? வியாழக்கிழமைல்ல காப்பாத்தணும்.” கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். “பெங்களூர அடுத்த தடவ பாத்துக்கலாம். பரிட்சை உனக்கு என்ன, ஊதித் தள்ளிடுவே.”

அடுத்த தடவை. மறுபடி விண்ணப்பம், மறுபடி தேர்வு, மறுபடி காத்திருப்பு. வயது வரம்பு ஒன்று இருக்கிறது என்பது மாமாவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் இப்போது காதில் ஏறாது. அறிவரசி வாயைத் திறக்கும் முன், பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“நான் சொல்றேன்.”

அம்சம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“நீ என்ன சொல்லுவே?” என்றார் மாமா.

“நான்தானே நட்டேன். அந்த வருஷம் மட்டுமா? எல்லா வருஷமும் நான்தானே நடுறேன். அவ ஒரு சம்பாப் பட்டம் நட்டா. நான் முப்பது பட்டமா நடுறேன்.”

“அம்சம், ரேஷன் கடையில எடை கொறஞ்சாக்கூட நீ வாயத் தொறக்க மாட்டே. வக்கீலு கேக்குறதுக்கு நீ பதில் சொல்லுவியா?”

“தெரியலண்ணே,” என்றாள் அம்சம். “ஆனா புள்ள போகணும்.”

மரத்தடியில் நின்றபடியே அறிவரசி முடிவெடுத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

*

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, அம்மாவை நடுக்கூடத்தில், அரசாங்கம் கொடுத்த டி.வி.க்கு எதிரில் நிறுத்தியது. நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

“நான்தான் பஞ்சநதத்தோட வக்கீலு. உன் பேரு என்ன?”

“போடி இவளே.”

“அப்படிச் சொன்னா உள்ள போட்டுடுவாங்க. பேரு?”

“அம்சம்.”

“நிலத்துல என்ன வேலை செஞ்ச?”

“என்ன வேலை செய்யல? நாத்துப் பறிச்சேன், நட்டேன், களையெடுத்தேன், அறுத்தேன், கட்டுத் தூக்குனேன். உங்க கட்டளைக்கு நெல்லு அளக்குறப்ப சாக்கப் புடிச்சதும் நான்தான் சாமி.”

அறிவரசி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். “சாமியா?”

அம்சம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அவரு முன்னாடி நின்னு ‘சாமி’ன்னு ஒரு தடவ சொன்னே, அத்தோட போச்சும்மா. அப்புறம் நீ சாகுபடிதாரர் இல்ல. பழைய பண்ணையாளு. ‘சார்’னு சொல்லு.”

“சார்.”

“மறுபடி. நிலத்துல யாரு உழைக்கிறா?”

“நாங்கதான் சா... சார்.”

“இன்னும் ஒட்டிக்கிட்டு வருது பாரு.”

“வாயில வர மாட்டேங்குதுடி. எங்கம்மா வாயில வந்தது, எனக்கும் வருது. நான் என்ன பண்ணட்டும்? நீ காலேஜி போனே, உனக்கு சார் வருது.”

அத்தை ராமாயி புளிசோறு பொட்டலம் கட்டிக்கொண்டே குறுக்கே புகுந்தாள். “சாரும் வேணாம் சாமியும் வேணாம். ‘யோவ்’னு ஆரம்பி. தன்னால தைரியம் வரும்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் முன்பே, வாசலில் மாமா நிற்பதை அறிவரசி பார்த்தாள். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“விளையாட்டா இருக்கா உங்களுக்கு?” என்றார். “என் தங்கச்சிய அந்த ஆளுங்க முன்னாடி நிறுத்தி, ஆளாளுக்கு கேள்வி கேட்டு மெரள வைக்க நான் விடமாட்டேன்.”

“நானா வரேன்னு சொன்னேண்ணே.”

“நீ சும்மா இரு.” மாமா அறிவரசியின் முன்னால் வந்து உட்கார்ந்தார். தரையில். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கும்படி ஆயிற்று. “அரசி. தப்பு என்னோடதுதான். முதல் வகுப்புன்னு போட்டது நான்தான். அவன் கையில கத்தியக் குடுத்ததும் நான்தான். அதுக்கு வேணா செருப்பால அடி. ஆனா வியாழக்கிழம இரு. இத்தன வருஷத்துல உங்கிட்ட நான் எதாச்சும் கேட்டிருக்கேனா?”

இல்லை. ஒருமுறைகூட இல்லை. ஒரு செம்பு தண்ணீர்கூட அதட்டிக் கேட்டதில்லை. அந்த மனிதர் வாழ்நாளில் அவளிடம் கேட்கும் முதல் விஷயம் இது. அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

“மாமா, நான் சொல்லுறத முழுசாக் கேளுங்க. இந்த வீட்டுல நான் தின்ன சோறு, போட்ட துணி, படிச்ச படிப்பு, பேரு, எல்லாம் நீங்க குடுத்தது. ஒரு தடவ வாய்விட்டுச் சொன்னதில்ல, இப்பச் சொல்றேன். எங்கப்பா இருந்திருந்தா இவ்வளவு செஞ்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. அந்த நன்றிய இங்க நின்னுதான் தீக்கணும்னா ஆயுசு பூரா நின்னாலும் தீராது.”

மாமா எங்கோ பார்த்தார். கண்ணை விரலால் அழுத்தினார்.

“காலையில நான் அந்தப் பேச்ச எடுத்திருக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லுது. நான் எடுத்ததுல தப்பில்ல. ஆனா நீங்க சாப்பிடாமப் போனீங்களே, அதுக்கு நான் வருத்தப்படுறேன். ஆனா மாமா, நெலத்துக்குச் சாட்சி நானா? நான் ஒரு மழைக்கு நட்டவ. அம்மா பொறந்ததுலேருந்து நடுது. நான் போயி நின்னா, படிச்ச பொண்ணு நல்லாப் பேசுச்சுன்னு எழுதுவாங்க. அம்மா போயி நின்னாத்தான் உழைச்சவ பேரு எழுத்துல ஏறும். மெரளட்டும். திக்கட்டும். ஆனா அது சொல்லட்டும்.”

“சொல்ல முடியாமப் போச்சுன்னா?”

அம்சம் மடித்த கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“அங்க போயி மட்டும் என்ன பண்ணப்போறே?” என்றார் மாமா, விடாமல். “நாப்பத்தெட்டப் பாத்துட்டு வாசலோட அனுப்பிட்டானுங்கன்னா? இங்கயும் போச்சு, அங்கயும் போச்சு.”

“ஏன் நாப்பத்தெட்டுன்னு கேப்பாங்க. தாசில்தார்கிட்ட சொன்னத அப்படியே சொல்லுவேன். மஞ்சள் காமாலையெல்லாம் கெடையாது.”

“ஜெயில்னு சொல்லுவியா? என்னப் பத்தி?”

“மொதல்ல அதத்தான் சொல்லுவேன்.”

மாமா மெதுவாக, “அப்ப போறதுன்னே முடிவு பண்ணிட்டே,” என்றார்.

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். அத்தை பொட்டலத்தை உள்ளே திணித்தாள். “அங்க கோதுமையாத்தான் போடுவானுங்களாம். ரயில்லயே நல்லாத் தின்னுட்டுப் போ,” என்று மூக்கை உறிஞ்சினாள். அம்சம் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மாமா தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

“போயிட்டு வரேன் மாமா.”

மாமா கரைவேட்டியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“வியாழக்கிழமை அம்மாவுக்கு முன்னாடி போயி நிக்காதீங்க. பக்கத்துல நில்லுங்க. போதும்.”

அவர் சரி என்று சொல்லட்டும் என்று அறிவரசி காத்திருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் இறங்கினாள். மேற்கே கும்பகோணம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சாலை வழியே சுற்றிப் போனால் பிடிக்க முடியாது. வரப்பில் இறங்கி, நட்டு முடிந்த வயல்களுக்குக் குறுக்கே வேகமாக நடந்தாள்.